பதினான்கு கல்வாழைக் கிழங்குகள்

பினாங்கில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பாக் ஒஸ்மான், என் குளியலறைக்குப் பின்புறம் வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிடுகிறார். அங்கே நான் கல்வாழை வளர்க்கிறேன். "பூச்செடியை வாசலில் வைக்காமல் குளியலறையைச் சுற்றி ஏன் வைத்தாய்? சாமி கும்பிடவா?" என்று ஒருமுறை மலாயில் கேட்டார். பதில் நீளமானது, எனக்குத் தெரிந்த மலாய் கொஞ்சம். தலையாட்டினேன். அன்று முதல் இந்த மரியாதை.

இங்கே கல்வாழைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சாலையோரச் சாக்கடையில், மழையில் தானாக நிற்கிறது. சங்கரன்கோவிலில் எங்கள் புறவாசலில் நின்ற கல்வாழை, அண்ணன் மனைவியான மதினி குளித்த தண்ணீரில் வளர்ந்தது. துவைகல்லைச் சுற்றி ஆள் உயரம், சிவப்புப் பூ. அந்தப் பக்கம் சுவர் இல்லை. வேலிக்கு அப்பால் வண்டிப்பாதை. மதினி குளிக்கும் இடம், பாதை, இரண்டும் எனக்குத் தெரியும். சேர்த்துப் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்த மறுவருடம் கப்பலேறப் புறப்பட்டபோது, போகிற இடத்தில் ஊர்ப்பூ ஒன்று இருக்கட்டும் என்று மண்வெட்டியோடு இறங்கினேன். மதினி வந்து நின்றார்.

"தம்பி, ரெண்டு மூடாவது விட்டுட்டுப் போங்க."

"மழை பெஞ்சா மிச்சம் தானா முளைக்கும் மதினி."

"இங்கன மழைய எப்பம் பாத்திய? பாக்க நல்லா இருக்குல்லா, அதுக்குச் சொல்லுதேன்."

கொழுந்தனிடம் ஒரு பெண் அதற்கு மேல் எப்படிச் சொல்வாள்? அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: 'கிழங்குகள் பதினான்கு. ஈரச்சாக்கில் கட்டியாயிற்று. மதினிக்குப் பூ ஆசை.'

மண் ஒட்டிய கிழங்கு கூடாதென்று பினாங்குத் துறைமுகத்தில் சாக்கோடு வாங்கி எரித்துவிட்டார்கள். அதை ஊருக்கு எழுத வெட்கம். இங்கே சாக்கடையோரத்தில் ஒரு மூடு செடி பிடுங்கி நட்டுவிட்டு, 'நம் கல்வாழை பூத்துவிட்டது' என்று கடிதம் போட்டேன்.

மூன்றாண்டு கழித்து ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். துவைகல்லைச் சுற்றி வெறும் தரை. கிழிந்த ஓலைத்தட்டி ஒன்று சாய்ந்து கிடந்தது.

"ஏலே, ஆடிக்காத்துல தட்டி நிக்குமா? புதுசா வச்ச கல்வாழையவும் ஆடு கடிச்சிட்டு. உங்க மதினி இருட்டோட எந்திச்சுக் குளிச்சிருதா" என்றார் அண்ணன், சாதாரணமாக.

மதினி சோறு வைத்தபடி கேட்டார்.

"அங்கன நல்லாப் பூக்குதோ தம்பி?"

"பூக்குது மதினி."

"குளிக்கதுக்கு அறை உண்டா?"

"உண்டு. நாலு பக்கமும் சிமெண்டுச் செவரு."

"அப்பம் அது அங்கன சும்மா நிக்குன்னு சொல்லுங்க" என்று சிரித்தார்.

மதினி ரெண்டு மூடு கேட்டது எதற்கென்று அன்றுதான் புரிந்தது. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. புறப்படுமுன் உடைமுள் வெட்டி வேலியை அடைத்துவிட்டு வந்தேன். முள் ஆட்டைத் தடுக்கும், கண்ணைத் தடுக்காது.

இன்று மதினிக்கு அனுப்பப் பதினான்கு விதைகள் பொறுக்கி உறையில் போட்டேன். கறுப்பு, மிளகைவிடப் பெரிது, கல் போல் கெட்டி. தோலைக் கல்லில் தேய்த்து ஒருநாள் ஊறவைத்து நடவேண்டும் என்று எழுதினேன். கிழங்குகள் எரிந்ததையும், இவை சாக்கடையோரச் செடியின் விதைகள் என்பதையும் எழுதினேன். மறைப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியவில்லை. கொழுந்தன் மதினிக்கு எழுதும் வரி அல்ல அது.

விதை முளைத்து ஆள் உயரம் வர ஒரு வருடமாவது ஆகும். நான் தினமும் காலை ஏழு மணிக்குக் குளிக்கிறேன். வெளியே கல்வாழை, உள்ளே சுவர். சங்கரன்கோவிலில் அப்போது மணி ஐந்து. மதினி இருட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு கல்லுக்கு வருகிற நேரம்.