ஜெயலட்சுமி அரைத்த ஓட்டு

அந்தமானில் ரங்கத் பஸ் ஸ்டாண்டில் ஜெயலட்சுமியின் இட்லிக் கடையைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுத்தான் கப்பலை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ராமநாதபுரத்துக்காரி. வயது ஐம்பது, வாய்க்கு மட்டும் இருபத்தைந்து. முன்பு ஹட்பேயில், கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் கடை வைத்திருந்தாள். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வெந்துகொண்டிருந்த இட்லிப் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பானை பிழைத்தது, அவளும் பிழைத்தாள். கடையும் வீடும் போயின. அதன்பிறகு கடல் கண்ணில் படாத இடமாகத் தேடி ரங்கத்துக்கு வந்தவள், மீன் வாங்கக்கூட ஜெட்டிப் பக்கம் போனதில்லை.

ஐந்து வருஷம் கழித்து வந்து சேர்ந்தார் அருண்பிரசாத். போர்ட் பிளேரிலிருந்து வந்த இளம் இன்ஜினியர். பஸ் ஸ்டாண்டின் நீளச் சுவரில் படம் வரையப் போகிறார்கள், எந்தப் படம் என்று ஊர் மக்களே முடிவு செய்ய வேண்டும் என்றார். கையில் இரண்டு மாதிரி வைத்திருந்தார். ஒன்று, சுவர் முழுக்க எழும்பி நிற்கும் சுனாமி அலை. மற்றொன்று, மரம் இழுக்கும் யானை.

அலையைப் பார்த்ததும் ஜெயலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தச் சுவர் அவள் அடுப்புக்கு நேர் எதிரே இருந்தது. விடியுமுன் நாலு மணி தொடங்கி, கண்ணை மூடுகிற காலம்வரை, அதைப் பார்த்துக்கொண்டேதான் இட்லி அவிக்க வேண்டும். அவளால் அது ஆகாது.

ஊரே பெங்காலி வழக்கப்படி அண்ணன் என்ற அர்த்தத்தில் 'தாதா' என்று கூப்பிடும் காய்கறிக்கடை பிஸ்வாஸோ அலைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். டூரிஸ்ட் வந்து போட்டோ எடுப்பான், அப்படியே வாழைப்பழம் வாங்குவான் என்பது அவர் கணக்கு.

சீட்டு எழுதிப் போடலாம் என்றார் அருண்பிரசாத். எந்த மொழியில் என்று ஒருவர் கேட்டுத் தொலைத்தார். போச்சு! பெங்காலி, தெலுங்கு, தமிழ், மலையாளம் என்று ஒரு மணி நேரம் கூச்சல்.

"அரே பாபா, எழுத்தே வேணாம்!" என்று ஜெயலட்சுமி கரண்டியோடு எழுந்தாள். "வீட்டுக்கு ஒரு தேங்கா. புடிச்ச படத்துக்கு முன்னால வச்சிட்டுப் போங்க. நாளைக்கு மத்தியானம் எண்ணிக்கிருவோம்."

தேங்காய் இல்லாத வீடு அந்தமானில் ஏது? எல்லோரும் "டீக் ஹை" என்று தலையாட்டினார்கள். தமிழ் வீடு அத்தனையும் யானைக்குத்தான் போடும் என்று ஜெயலட்சுமி மனதுக்குள் எண்ணி வைத்திருந்தாள். தமிழர் கையில் தேங்காயைக் கொடுத்து யானை முன்னால் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை மட்டும் எண்ண மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாயாபந்தர் பஸ் டிரைவர் முனியாண்டி ஓட்டுப் போட வந்தான். யானையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். மடாரென்று தேங்காயை உடைத்து, ஒரு மூடியைப் படத்தின் முன் வைத்து, மறு மூடியோடு பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அடுத்து வந்தவர்களும் விடுவார்களா? மடார், மடார்! ஒருத்தி கற்பூரமே கொளுத்திவிட்டாள்.

வியாபார மும்முரத்தில் இருந்த ஜெயலட்சுமி எட்டு மணிக்குத்தான் நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டைச் சுற்றிக் காக்கையும் ஆடும் நின்றன.

"நாசமாப் போறவங்களா, ஓட்டையா உடைச்சீங்க!" என்று ஓடிப்போய் அத்தனை மூடியையும் மடியில் அள்ளிக்கொண்டு வந்தாள். வந்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அத்தனை தேங்காய் வீணாவதா? துருவினாள், சட்னி அரைத்தாள். சிரட்டைகளை மட்டும் சாக்கில் போட்டு வைத்தாள்.

மத்தியானம் எண்ணினார்கள். அலைக்கு ஐம்பத்திரண்டு முழுத் தேங்காய். யானைக்கு ஒரு சாக்கு சிரட்டை.

"உடைஞ்சது செல்லாதும்மா" என்றார் அருண்பிரசாத்.

"காலைல ஆறு இட்லிக்கு நாலு தடவ சட்னி கேட்டீங்களே சார், அது யாரு ஓட்டு?"

அருண்பிரசாத் வயிற்றைத் தடவிக்கொண்டார். ஓட்டைத் தின்ற அதிகாரி என்று மேலே எழுதிப் போட்டால் என்ன ஆவது? விளிம்போடு விளிம்பு பொருந்துகிற ஜோடி ஒரு ஓட்டு என்று அங்கேயே சட்டம் போட்டார். பஸ்ஸுக்கு வந்தவர்கள்கூட உட்கார்ந்து சிரட்டைக்கு ஜோடி தேடினார்கள். பிஸ்வாஸ் தாதா பொருத்தம் பார்க்கும் ஜோசியராட்டம் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஐம்பத்திரண்டு ஜோடி தேறியது. ஒரு மூடி தனியாக நின்றது.

"ஐம்பத்திரண்டரை! நாங்கதான் ஜெயிச்சோம்!" என்று ஜெயலட்சுமி குதித்தாள்.

"ஆதா வோட் நஹி சல்தா, தீதி" என்றார் தாதா. அரை ஓட்டு உலகத்திலேயே கிடையாதாம்.

அப்போதுதான் ஜெயலட்சுமிக்கு உறைத்தது. ஓட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த தன் தேங்காயையும் விடிகாலையிலேயே சட்னிக்குத் துருவி, சிரட்டையை அடுப்பில் போட்டு எரித்திருந்தாள். அட பாவி மகளே என்று தன்னையே வைதுகொண்டாள். எதிர்ச் சுவர் இப்போதே நீலமாகத் தெரிந்தது. அழுகை முட்டியது.

நாலு மணிக்கு, மறு மூடியோடு போன முனியாண்டியின் பஸ் புழுதியோடு வந்து நின்றது. நிற்பதற்குள் ஊரே சூழ்ந்துகொண்டது.

"எலேய், மூடி எங்கடா?"

"தின்னுட்டேன்க்கா."

"சிரட்டை, சிரட்டை!"

"அதாக்கா? வழியெல்லாம் ரேடியேட்டர் சூடாயிருச்சு. அதுலதான் தண்ணி மொண்டு ஊத்துனேன்." சீட்டுக்கு அடியிலிருந்து கிரீஸும் கரியுமாக ஒன்றை எடுத்து நீட்டினான்.

பிஸ்வாஸ் தாதாவே வாங்கித் துடைத்தார். தனி மூடியோடு சேர்த்தார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அவர் முகம் சுருங்கினாலும், நியாயமான மனுஷன், "பாஸ், செல்லும்" என்று கையைத் தூக்கிவிட்டார். யானை ஒரு ஓட்டில் ஜெயித்தது.

ஆனாலும் அருண்பிரசாத் பயந்த சுபாவம். ஐம்பத்திரண்டு வீட்டைப் பகைத்துக்கொள்வானேன் என்று பெயிண்டரிடம் ரகசியமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பெயிண்டர் வந்ததும் முதலில் திறந்தது நீல டப்பாவைத்தான். சுவரில் அலை சுருளச் சுருள ஜெயலட்சுமிக்கு ரத்தம் கொதித்தது. அவனுக்கு இட்லி கிடையாது என்று சொல்லிவிட்டாள். கடை முன்னால் சாக்கைத் தொங்கவிட்டு, நாலு நாள் அந்தப் பக்கமே பார்க்காமல் வியாபாரம் செய்தாள்.

ஐந்தாம் நாள் முனியாண்டி சாக்கை இழுத்து எறிந்தான். "பாருக்கா!"

யானை சுவர் உயரத்துக்கு நின்றது. அலை இருந்தது. யானையின் கணுக்காலைத் தொட்டுவிட்டு, அதற்கு மேல் ஏற முடியாமல் நுரைத்துக்கொண்டு கிடந்தது.

ஜெயலட்சுமி ரோட்டைத் தாண்டிப் போனாள். சுவர் அருகே நின்று பார்த்தாள். கண்ணில் நீர் கொட்டியது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்புட்டுத்தானா நீ?" என்று அலையைப் பார்த்துக் கேட்டாள். "கணுக்கால் ஒசரம்கூட இல்லையே!"

பிறகு கடைக்குத் திரும்பி ஒரு முழுத் தேங்காயை எடுத்து வந்தாள். யானையின் காலடியில் மடாரென்று உடைத்தாள்.

"இந்தா, என் ஓட்டு."