மச்சினன் பிடித்த கயிறு

இசபெல்லாக்கா அதிகம் பேசமாட்டாள், அடுத்தவரைப் பேசவைப்பாள். கோயிலில் மாதா சபைக்கு அவள்தான் தலைவி. சபையில் சண்டை வந்தால் ஒரு சங்கை எடுத்து ஒருத்தி கையில் கொடுப்பாள். சங்கு வைத்திருப்பவள் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். எங்கள் தெருப் பெண்களை வாய்மூட வைத்த ஒரே ஆள் என்பதால் எனக்கு அவள்மேல் தனி மரியாதை.

நான் அவளுடைய தோணியில் சோறு வடித்தவன். சங்கு குளிக்கிற தோணி, அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. அவள் புருஷன் ரோச் முங்குவான். அவள் அண்ணன் செபாஸ்டின் மேலேயிருந்து கயிறு பிடிப்பான். முங்குகிறவனின் கயிறு மச்சினன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியை எவனும் அறுக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. கீழே மூச்சு முட்டும்போது முங்கியவன் கயிற்றைச் சுண்டுவான். சுண்டியதும் தூக்கிவிட வேண்டும்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் மாசியில் ரோச் முங்கினான். வெறும் கயிறுதான் மேலே வந்தது. உடம்பு கிடைக்கவே இல்லை. கயிறு சுண்டவேயில்லை என்று செபாஸ்டின் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தான். சுறா கொண்டுபோயிருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம்.

அந்தக் கயிறு அக்கா வீட்டு ஆணியில் தொங்கியது. சித்திரை வெயிலிலும் அது காயவில்லை. உப்பு ஊறிய கயிறு ஈரத்தை இழுக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் சொட்டுமா? கீழே ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே எனக்குப் பயம்.

மறுவருஷம் எங்கள் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர், கொழும்புக்குப் போய்விட்டார். அந்த இடம் தனக்குத்தான் என்று செபாஸ்டின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ரோச்சின் தம்பி கிளாட்வின் அப்போதுதான் முங்க ஆரம்பித்திருந்தான். அக்கா பிள்ளைபோல வளர்த்த கொழுந்தன். தண்டல் சொல்கிறபடிதான் தோணியில் எல்லாம் நடக்கும். இவன் உயிரை யார் கையில் கொடுப்பது என்பதுதான் அவளுக்குக் கவலை.

ஒருநாள் உச்சிவெயிலில் எங்களைத் தோணிக்கு வரச் சொன்னாள். கரைக்குப் பக்கத்தில்தான் நங்கூரம் போட்டிருந்தது. காற்று செத்துக் கிடந்தது. தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் இருந்தது. ஒரு காக்கை குருவி கிடையாது. அக்கா அந்தக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

வட்டமாக உட்காரவைத்துச் சங்கை நீட்டினாள். "நல்ல தண்டலுக்கு என்ன வேணும்? ஆளாளுக்குச் சொல்லுங்க."

"அதட்டல் வேணும்," என்றான் செபாஸ்டின். "பயம் இல்லன்னா எவன் வேல செய்வான்?"

கடல் தெரிய வேண்டும், நட்சத்திரம் தெரிய வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். சோற்றில் கை வைக்கக்கூடாது என்று நான் சொன்னேன். சிரித்தார்கள். இன்னொரு கயிறு பிடிக்கிறவனான தேவமணியிடம் சங்கு போனது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியல அக்கா," என்று அடுத்தவனிடம் கொடுத்துவிட்டான். மக்குப்பயல் என்று நினைத்தேன்.

"வாயால சொன்னது போதும்," என்றாள் அக்கா. "கிளாட்வின் கீழ கெடப்பான். நீங்க கண்ணக் கட்டிக்கிட்டு ஒவ்வொருத்தரா இந்தக் கயித்தப் பிடிங்க."

முதலில் தேவமணி பிடித்தான். கிளாட்வின் முங்கிய உடனேயே அவன் தூக்கிவிட்டான். திரும்ப முங்கினான், திரும்பவும் தூக்கினான்.

"நான் சுண்டவே இல்லையே!" என்று தண்ணீரில் நின்று கத்தினான் கிளாட்வின். எல்லாரும் கைதட்டிச் சிரித்தோம்.

"ஏம்ல தூக்குன?" என்றாள் அக்கா.

"சுண்டுன மாதிரி இருந்துச்சுக்கா. கேட்டுக்கிட்டா இருக்க முடியும்?"

செபாஸ்டின் இளக்காரமாகச் சிரித்துவிட்டு முன்னால் வந்து கண்ணைக் கட்டிக்கொண்டான். கிளாட்வின் மறுபடி முங்கினான். ஆனால் போன வேகத்தில், கயிற்றை விட்டுவிட்டு, மறுபக்கமாக ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். அந்த வெயிலிலும் அவனுக்குப் பல் கிட்டியது. "கீழ ஆளு நிக்கி," என்றான் என் காதில்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவளும் அவனைப் பார்த்துவிட்டாள். அவள் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தபோது, செபாஸ்டின் கையிலிருந்த கயிறு சுண்டியது.

நாங்கள் எல்லாரும் பார்த்தோம். தொய்ந்து கிடந்த கயிறு விறைத்து நேராகத் தண்ணீருக்குள் போனது. செபாஸ்டின் அசையவில்லை. திரும்பவும் சுண்டியது.

"அண்ணே," என்றாள் அக்கா. அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "சுண்டுதா?"

"சுண்டுதான், சுண்டுதான். கெடக்கட்டும்ளா. இன்னும் நாலு சங்கு பொறுக்குவான். முதச் சுண்டுக்கே தூக்கிக்கிட்டிருந்தா தோணி உருப்படுமா? அன்னைக்கு ரோச்சும் இப்படித்தான் சும்மா சும்மா சுண்டி..."

அங்கே நின்றுவிட்டான். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

அக்கா எழுந்துபோய் அவன் கண்கட்டை அவிழ்த்தாள். எதிரே கிளாட்வின் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்தான். பிறகு, விறைத்தே நின்ற கயிற்றைப் பார்த்தான்.

"இப்பவாவது தூக்குண்ணே," என்றாள்.

அவனால் முடியவில்லை. கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து நகர்ந்து தோணியின் முன்முனையான அணியத்து மூலையில் போய் முட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கயிறு நழுவித் தண்ணீருக்குள் ஓடியது. அக்காவும் தேவமணியும் பாய்ந்து பிடித்தார்கள். அக்கா தேவமணியை விலக்கிவிட்டுத் தனியாக இழுத்தாள். பாரம் தூக்குகிறவள்போல முக்கி முக்கி இழுத்தாள். கடைசியில் வெறும் நுனிதான் வந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "வந்துட்டியளா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

அன்றைக்கே தேவமணி தண்டலானான். அவன் நடத்தியவரை அந்தத் தோணியில் வெறும் கயிறு மேலே வந்ததில்லை. செபாஸ்டினை அக்கா போலீஸில் கொடுக்கவுமில்லை, அவனோடு பேசவுமில்லை. கரைக்குத் திரும்பியதும் அந்தக் கயிற்றைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். சாயங்காலத்துக்குள் அது காய்ந்துவிட்டது. கிண்ணத்தைக் கழுவி உள்ளே வைத்தாள்.