கார்குழலி போட்ட நம்பர்

கார்குழலியின் வீடியோ கேம் கடையில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று தனியாகக் கிடக்கும். அதில் வந்து உட்காருகிறவன் தன் முகத்தைக் கொடுக்கிறான் என்று அர்த்தம். ஜாய்ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அவனுடைய மூக்கு, தாடை, காதுமடல் எல்லாவற்றையும் ஆட்டுச்சந்தையில் நிற்பவள்போல ஏற இறங்கப் பார்ப்பாள். டிவியில் நிற்கும் மொட்டைத்தலைப் பொம்மை கொஞ்சம் கொஞ்சமாக அவனாக மாறும். முகம் முடிந்ததும் நம்பர் போடுவாள். வேகத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று.

நம்பரைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள் உண்டு. ஒருவன் கடையின் கண்ணாடிக் கதவைக் குத்தி உடைத்தான். புறங்கையில் தையல் போட்டுக்கொண்டு போனான். இன்னொருவன் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஹை ரோடு வரை ஓடிவிட்டான். அன்று சாயங்காலமே அவனுக்கு வேகத்தில் இரண்டு கூட்டிப் போட்டாள்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையை ஒட்டிய சந்தில்தான் அந்தக் கடை. மூன்று டிவி, இரண்டு பெஞ்சு, ஒரு டேபிள் ஃபேன். கார்குழலி ஒரு காலத்தில் மாவட்டத்துக்குக் கால்பந்து ஆடியவள். முழங்காலுக்குள் சவ்வு கிழிந்தது. சரியான நேரத்தில் தைக்க ஆளில்லை. அதற்குப் பிறகு வண்ணாரப்பேட்டையில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றாள், முழங்கால் இளநீர்க் காய்போல வீங்கியது, விட்டாள். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்து முடிந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடலாம். கடைசியில் கையில் மிஞ்சியது இந்தக் கடையும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதான ஓரத்தில் நின்று பார்க்கும் ஆட்டமும்தான்.

அவள் வைத்திருந்தது பழைய கால்பந்து கேம் டிஸ்க். அதைச் செய்த கம்பெனிக்கு வெளிநாட்டு கிளப்புகளில் பாதிக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. அதனால் பொய்ப் பெயரும் பொருந்தாத சட்டையுமாக டீம்களைப் போட்டு, வேண்டுமானால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று எடிட் செய்யும் வசதியைத் தாராளமாகத் திறந்து விட்டிருந்தார்கள். மற்றவர்கள் அதில் வெளிநாட்டுக்காரனின் உண்மைப் பெயரைத் திருப்பிப் போட்டார்கள். கார்குழலி அந்த டீம்களை அழித்துவிட்டு பீச் ரோடு, சடையங்குப்பம், தண்டையார்பேட்டை என்று நம் பையன்களைப் போட்டாள். ஞாயிறு காலையில் மைதானத்தில் எவன் எப்படி ஆடினானோ அதன்படி சாயங்காலம் அவன் நம்பர் ஏறும், இறங்கும். அழுதாலும் மாற்ற மாட்டாள், பிரியாணி வாங்கித் தந்தாலும் மாற்ற மாட்டாள்.

சுஃபியான் பாய்க்கு இது பிடிக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஜெர்சி மொத்த வியாபாரம் செய்கிறவர். அவளுக்கு அண்ணன் மாதிரி. புதிதாக வந்த டிஸ்க் ஒன்றை அவரே வாங்கிக்கொண்டு வந்தார். அதில் எல்லா கிளப்புக்கும் முறையான லைசென்ஸ். ஆட்டக்காரன் கழுத்தில் குத்தியிருக்கும் பச்சைகூட அச்சு அசலாக இருந்தது. ஆனால் எதையும் தொட முடியாது. வெளி ஆள் ஒருவனையும் உள்ளே விடாது.

“கம்பெனிக்காரன் போட்ட நம்பருக்கு எவனும் கடல் தாண்டிப் போய் கதவ ஒடைக்க மாட்டான், தங்கச்சி. உன் கதவு கைக்கு எட்டுது” என்றார்.

“அதுல நம்ம பசங்க கீறாங்களா பாய்?”

“அவனுங்களுக்கு எவன் லைசென்ஸ் எடுப்பான்?”

“டூப்ளிகேட் சட்ட விக்கிற மன்சன் லைசென்ஸ் பத்திப் பேசறத பாரு” என்று சொல்லி அந்த டிஸ்க்கை அட்டை பிரிக்காமல் மேல் தட்டில் போட்டுவிட்டாள்.

அவளிடம் இருந்த ஆட்களிலேயே அதிக வேகம் பீச் ரோடு டீமில் அறிவு என்கிற பையனுக்குத்தான். தொண்ணூற்றொன்று. வலது ஓரத்தில் பந்தோடு அவன் கிளம்பினால் எதிராளி சட்டையைப் பிடித்தால்தான் நிறுத்த முடியும். அவனை அப்படிப் பலமுறை நிறுத்தியவன் சடையங்குப்பம் ஜெயவேல், அந்த டீமின் கடைசித் தடுப்பு. கன்டெய்னர் யார்டில் லோடு கட்டுகிறவன். புயம் ஒவ்வொன்றும் லாரி டயர் ட்யூப் மாதிரி இருக்கும். ஆட்டத்துக்குள் மூர்க்கத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. ஜெயவேலுக்கு அவள் போட்டிருந்ததற்கு மேல் அந்த டிஸ்க்கில் இடமில்லை.

ஒரு கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஞாயிறு அது. எடுத்தால் மாதச் சம்பளத்தோடு வேலை. அறிவு இரண்டு முறை ஜெயவேலைத் தாண்டிப் போனான். இரண்டாம் முறை போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மூன்றாம் முறை ஜெயவேல் பந்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு காலையும் சேர்த்துச் சறுக்கிக்கொண்டு வந்து முழங்காலுக்குக் கீழே இறக்கினான். காய்ந்த சவுக்குக் கட்டையை முட்டியில் வைத்து முறிப்பதுபோல ஒரு சத்தம். மைதானம் முழுக்கக் கேட்டது.

கார்குழலி நொண்டிக்கொண்டே ஓடினாள். எலும்பு தோலைக் கிழித்து காலுறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் காலை நேராக இழுத்துவிடப் போனான். அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். முறிந்த காலை இருக்கிற கோணத்திலேயே கட்ட வேண்டும், மேல் மூட்டும் அசையக்கூடாது, கீழ் மூட்டும் அசையக்கூடாது. மூலைக் கொடிக் கம்பு இரண்டைப் பிடுங்கி, பக்கத்தில் நின்றவர்களின் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை அறிவு அவள் தோளைக் கடித்துக்கொண்டிருந்தான். பற்கள் ரவிக்கையைத் தாண்டி இறங்கின. அதற்குள் பீச் ரோடு ஆட்கள் ஜெயவேலைக் கீழே தள்ளி விலாவில் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

காலுக்குள் கம்பி வைத்தார்கள். சீழ் பிடித்தது, திறந்து கழுவி மறுபடி மூடினார்கள். கட்டு பிரித்தபோது தொடை கைத்தண்டை அளவு வற்றியிருந்தது. ஊன்றுகோலோடு முதல் முறை வெளியே வந்த அறிவு வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராகக் கடைக்கு வந்தான். அவள் அவனுடைய நம்பரைத் தொடாமல் வைத்திருந்தாள். அடிபட்டு ஆடாமல் இருப்பவனுக்கு அதுதான் வழக்கம்.

“நா கிரவுண்டுல எறங்கற அன்னிக்கி எனக்கும் நம்பர் போடு, யக்கா. பாவம் பாத்து ஒண்ணு கூட்டிக்கினு இருக்காத. எங்கேர்ந்து ஏறுறேன்னு எல்லாரும் பாக்கட்டும்” என்றான்.

இன்னும் கொஞ்ச நாள் பொறு என்று அவளும் சொல்லிப் பார்த்தாள், ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு ஊன்றுகோலை ஓரத்தில் சாய்த்துவிட்டு இறங்கினான். பந்து அவனைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. வலது கால் ஒவ்வோர் அடிக்கும் வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வந்தது. பாதி ஆட்டத்திலேயே தானாக வெளியே வந்து உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் கார்குழலி அவன் வேகத்தை முப்பத்தெட்டு என்று போட்டாள். அத்தோடு விட்டிருக்க வேண்டும். அந்த டிஸ்க்கில் ஆள் எப்படி ஓடுவான் என்பதற்கும் பல மாதிரி உண்டு: கையை வீசி ஓடுகிறவன், குனிந்து ஓடுகிறவன், நெஞ்சை நிமிர்த்தி ஓடுகிறவன். அதில் ஒன்று காலை விறைப்பாக வெளியே எறிந்து ஓடும். காலையில் பார்த்தது கண்ணிலேயே நின்றது. கைவேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் அதையும் எடுத்து வைத்தாள். அப்போது அவளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

பீச் ரோடுக்கும் சடையங்குப்பத்துக்கும் டிவியில் ஆட்டம். பெஞ்சு நிறைந்து, கதவு வரை ஆட்கள் நின்றார்கள். ஒரு ஜாய்ஸ்டிக் அறிவின் கையில், இன்னொன்று ஜெயவேலின் கையில். மைதானத்தில் என்ன நடந்தாலும் கடைக்குள் பகை கிடையாது என்பது அவள் வைத்த சட்டம். நம்பரை அறிவு பார்த்தான், தலையை ஆட்டினான். பந்து வலது ஓரத்துக்கு வந்தது. திரையில் அவனுடைய முகம், அவனுடைய சட்டை, அவனுடைய முடி. அது பந்தைத் துரத்திக் காலை இழுத்து இழுத்து ஓடியது.

கடையே அமைதியானது. யாராவது ஒருவர் இருமியிருந்தால்கூடக் கடந்து போயிருக்கும். ஜெயவேல் சிரித்துவிட்டான்.

“இன்னா மாமு, சைக்கிள் பெடல் கழண்டுக்கிச்சா?”

அறிவின் ஊன்றுகோல் அவன் காதுக்கு மேலே இறங்கியது. அலுமினியம்தான், ஆனாலும் ஓரம் கூர்மை. தலைத்தோல் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. தெரியாத கண்ணோடே ஜெயவேல் பாய்ந்து அறிவின் தொண்டையைப் பிடித்துச் சுவரில் வைத்து இடித்தான். ஒரு முறை, மறுபடி, மறுபடி. சுண்ணாம்பு உதிர்ந்தது. பீச் ரோடு பையன் ஒருவன் சோடா பாட்டிலைப் பெஞ்சு விளிம்பில் உடைத்துக்கொண்டு வந்தான். கார்குழலி அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் முறுக்கி, பாட்டில் விழுந்ததும் அவனைக் கழுத்தோடு வெளியே தள்ளினாள். டேபிள் ஃபேன் சாய்ந்தது. பெஞ்சுக்கு அடியில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தார்கள். தகராறு எதற்கென்று அவர்களுக்கே தெரியாது.

ஜெயவேலின் பிடி ரத்தத்தில் வழுக்கியது. விடுபட்ட அறிவு அவன் பக்கம் திரும்பவில்லை. ஊன்றுகோலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு டிவிக்குக் கீழே இருந்த கேம் கன்சோல் பெட்டியைப் பார்த்தான். எல்லோருடைய முகமும் அதற்குள்தான் இருந்தது. கார்குழலி யோசிக்கவில்லை, கையைக் குறுக்கே வைத்தாள்.

கடைசி இரண்டு விரல்களும் மடங்கக்கூடாத பக்கம் மடங்கின. அவள் நல்ல கையால் அறிவைப் பளாரென்று அறைந்தாள். வற்றிய கால் தாங்காமல் அவன் அப்படியே உட்கார்ந்தான்.

“நீதானடா போடச் சொன்ன” என்றாள்.

“நம்பரு போடச் சொன்னேன். நொண்டிக் காட்டச் சொன்னனா?” என்றான் அவன். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அவள் ஜெயவேல் பக்கம் திரும்பினாள். தலைக்காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், அழுத்திப் பிடித்தால் அடங்கும். துண்டை மடித்து ஜெயவேலின் தலையில் வைத்து, அவன் கையையே அதன்மேல் வைத்து அழுத்தச் சொன்னாள். தன் விரல்களை ஐஸ் குச்சியோடு சேர்த்துப் பக்கத்து விரலில் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஜெயவேல் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். அவள் கதவு இடுக்கில் நசுங்கியதாகச் சொன்னாள். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்த நர்ஸ் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

சுஃபியான் பாய் வந்து, உதிர்ந்த சுவரையும் அவள் கையையும் பார்த்துவிட்டு, மேல் தட்டிலிருந்த டிஸ்க்கைத் தானே எடுத்து அட்டையைப் பிரித்தார். அவள் தடுக்கவில்லை. அன்றிலிருந்து கடையில் லைசென்ஸ் வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள் பளபளவென்று ஓடினார்கள். பையன்கள் வந்தார்கள், ஆடினார்கள், போனார்கள். கத்தல் இல்லை, கெட்ட வார்த்தைகூடக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார்குழலி மைதானத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். பார்த்து என்ன செய்வது? எவனுக்கும் போட அவளிடம் நம்பர் இல்லை. கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். பாய் மட்டும் திருப்தியாக இருந்தார்.

ஒரு நாள் சரியான மத்தியான வெயிலில் அறிவு வந்தான். கடையில் ஓரிருவர்தான். மன்னிப்பு கேட்கவில்லை, அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

“பழசப் போடு” என்றான். “என் மூஞ்சிய நா எடுத்துக்கினு பூட்றேன்.”

“கொடுத்தது நீ. எடுத்துக்கோ. நீயே அமுத்து, எனக்கு வெரலு இல்ல.”

டிஸ்க்கை மாற்றினாள். அவன் சிவப்பு ஸ்டூலில் உட்காராமல் பெஞ்சில் உட்கார்ந்து பீச் ரோடு டீமைத் திறந்தான். தன் பெயரில் வந்து நின்றான். புருவத்துக்கு மேலிருந்த சின்ன வெட்டுத் தழும்பைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. அழிக்கவா என்று கேட்டு ஒரு கட்டம் வந்தது. அவன் கட்டைவிரல் பட்டன்மேலேயே நின்றது. வெளியே ஒரு லாரி பிரேக் போட்டுச் சீறியது. அவன் அந்தக் கட்டத்தை மூடிவிட்டு, தேடித் தேடி ஓட்டத்தின் மாதிரிகள் இருக்கும் இடத்துக்குப் போனான். காலை எறிந்து ஓடுவதை எடுத்துவிட்டு, தன்னுடைய பழைய ஓட்டத்தை வைத்தான். வேகம் முப்பத்தெட்டாகவே இருந்தது. அதை அவன் தொடவில்லை.

“நம்பரு உன்னுது யக்கா. வச்சிக்கோ. எப்டி ஓட்றன்றது என்னுது.”

“சரி” என்றாள். அன்றிலிருந்து எவனுக்கும் ஓட்டத்தின் மாதிரியை அவள் தேர்ந்தெடுப்பதில்லை. ஸ்டூலில் உட்காருகிறவனே எடுத்து வைக்க வேண்டும்.

பழைய டிஸ்க் திரும்பி வந்த சேதி சடையங்குப்பத்துக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. ஜெயவேல் வந்தான். காதுக்கு மேல் முடி முளைக்காத கோடு. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த பாய் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார்.

பந்து வலது ஓரத்துக்கு வந்தது. திரையில் அறிவு பழையபடி நெஞ்சை நிமிர்த்தி ஓடினான். அழகான ஓட்டம்தான், ஆமை வேகம். ஜெயவேலின் ஆள் தூரத்திலிருந்தே கிளம்பி, இரண்டு காலையும் சேர்த்துச் சறுக்கி, அவனைத் தூக்கி விளம்பரப் பலகையில் எறிந்தான். நடுவர் ஓடி வந்து சிவப்பு அட்டையைக் காட்டினார்.

“டேய், பந்தத்தான்டா அடிச்சேன்” என்று ஜெயவேல் டிவியைப் பார்த்துக் கத்தினான். அறிவு தரையில் கிடந்த தன் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தான். அது உருண்டு, கையை ஊன்றி, எழுந்து நின்றது.

“ஃப்ரீ கிக் எனக்கு. ஓரமா ஒக்காரு” என்றான் அறிவு.

கார்குழலி எழுந்து போய் இருவருக்கும் நடுவில், பெஞ்சில், உட்கார்ந்துகொண்டாள்.