திருஇருதயப் படத்துச் சிவப்பு பல்பு

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. நான் பெற்றது நான்கு. தங்கை விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்தேன். அதில் நான்கு பேர் என்னை நிம்மதியாகக் குளிக்க விட்டார்கள். கடைசி மகன் மட்டும் விடவில்லை.

அவன் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் எங்கள் சேலத்து வீட்டின் ஒரே குளியலறை அவனுக்குத்தான். ஜன்னலில் கறுப்புத் துணி, கதவு இடுக்கில் என் பழைய சேலை, காய்கறி அலசும் தட்டுகளில் மருந்துத் தண்ணீர். பழைய கேமராவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை அவனே கழுவுகிறானாம். வீடு முழுக்கப் புளித்த நாற்றம்.

பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் இறந்தபோது சுவரில் மாட்டப் படம் கிடைக்காமல், கல்யாணக் கூட்டத்துப் படத்திலிருந்து வெட்டி எடுத்தார்கள். இன்றும் அவர் தோளில் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது. எனக்கு அந்தக் கதி வேண்டாம். செல்போனில் எடுத்தாலோ, முகத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அதனால் இவனைக் கேட்டேன். பட்டுச்சேலை கட்டி வெயிலில் நின்றேன். அதைத் திருகி இதைத் திருகி, நிற்க வைத்தே கொன்றான்.

ஃபிலிம் நன்றாக வந்துவிட்டது, இனிக் காகிதத்தில் ஏற்றுவதுதான் பாக்கி என்று அடுத்த ஞாயிறு உள்ளே போனான். சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால், ஆண்டவரின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் எப்போதும் எரியும் சிவப்பு பல்பைக் காணோம்.

"அவருதானுங்க அத்தை கழட்டிட்டுப் போனாரு. அந்தக் காயிதத்துக்குச் சிவப்பு வெளிச்சந்தான் ஒத்துக்குமாமா," என்றாள் மருமகள்.

கதவைத் தட்டினேன். "டேய், ஆண்டவரை இருட்டுல வெச்சுட்டு உனக்கென்னடா வேலை? பல்பைக் குடு."

"செத்த இரும்மா. உம் மொகம் இப்பத்தான் வருது."

"எம் மொகம் எங்கிட்டத்தான் இருக்குது. நீ வெளிய வா."

வரவில்லை. எங்கள் குளியலறைக்குச் சுவிட்ச் வெளியே இருக்கிறது. உள்ளே போய் நேரமாக்குபவர்களை அதைத் தட்டித்தட்டித்தான் கிளப்புவோம். ஐந்து பேரும் அப்படித்தான் பள்ளிக்கூடம் போனார்கள். பழகிய கை தட்டிவிட்டது.

உள்ளே ட்யூப் லைட் எரிந்தது. "ஐயோ, அம்மா!" என்று கதவைத் திறந்தான். தட்டில் மிதந்த என் முகம் நான் பார்க்கும்போதே கரிச்சட்டி அடியாகக் கறுத்தது. திறந்திருந்த பெட்டியில் இருந்த காகிதம் அத்தனையும் வீண்.

"ஆண்டவரோட பல்பைக் கழட்டத் தெரிஞ்சவனுக்கு இந்த ட்யூப் லைட்டைக் கழட்டத் தெரியலையா?" என்றேன். பல்பை வாங்கிப் போய் மாட்டிவிட்டு, ஜெபமாலையை முதலிலிருந்து தொடங்கினேன்.

நல்லவேளை, ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் காகிதமும் தனக்கென்று ஒரு சிவப்பு பல்பும் வாங்கி, ட்யூப் லைட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனான். ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைக் கொண்டுவந்தான். நான்தான். வெயிலில் நிற்க வைத்தவனைத் திட்ட வாயெடுத்த முகம். புருவம் சுருங்கியது சுருங்கியபடி.

"சிரிக்கற மாதிரி இன்னொண்ணு எடுக்கலாமாம்மா?"

"இன்னொருக்கா வெயில்ல நிக்க என்னால ஆகாது. இதுதான் நான்."

வாயால் சொன்னதை இந்த வீட்டில் யாரும் நினைவில் வைப்பதில்லை. அதனால்தான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். நான் போனபின் மாட்ட வேண்டியது இந்தப் படம். செல்போன் படம் கூடாது.

பேத்தியைக் கூப்பிட்டேன். "சாமி, எழுதினது சரியா வந்திருக்குதான்னு படிச்சுக் காட்டு. சத்தமாப் படி. உங்கப்பன் குளிக்கற ரூமுக்குள்ள இருக்கறான், அவனுக்கும் கேக்கட்டும்."