பிரேக் ஒயில் போன இடம்

எங்கள் கார் என் மூத்த மகனுக்கும் மூத்தது. அவனைப் போலவே சொல்வழி கேட்காது. போன மாதம் அதன் பிரேக்கும் கேட்காமல் போனது.

ஒலுவிலுக்கு மீன் வாங்கப் போன என் மனிதர், துறைமுக வளைவில் பிரேக்கை மிதித்திருக்கிறார். பெடல் தரைமட்டும் போய்ப் படுத்துக்கொண்டது. கார் ஒரு மணல் கும்பியில் ஏறித்தான் நின்றது. மீனுக்கும் அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மகன் உடனே பழைய இரும்புக்காரனைப் பிடித்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய லொறியோட வருவான் உம்மா. பழசெல்லாத்தையும் அனுப்பிருவம்."

"வாப்பாவையுமா?" என்று கேட்டேன்.

கார் போனால் பொத்துவிலில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுப் பயணமும் போனதுதான். பஸ்ஸில் ஏற முழங்கால் விடாது. ஆட்டோவில் போக இடுப்பு விடாது.

வியாழக்கிழமை, கார் திருத்தும் கராஜ் பாஸை வரவழைத்தேன். அவர் வந்து பார்த்தபோது பிரேக் ஒயில் பாதிக்கு இறங்கியிருந்தது. ஊற்ற ஊற்றக் குறைகிறது, ஆனால் ஒழுகும் இடம் தெரியவில்லை. நாலு சில்லையும் கழற்றினார், உள்ளே காய்ந்து கிடந்தது. குழாய்களைத் தடவினார், தூசிதான் வந்தது. எங்கள் வளவு மணல் எது சொட்டினாலும் விழுங்கிவிடும் என்று காருக்கடியில் பெட்டி மட்டை விரித்து, பெடலைப் பலமுறை மிதித்தும் பார்த்தார். மட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"ஒயிலக் காரே குடிக்குது மாமி."

"என்ட மனிசன் தேத்தண்ணி குடிக்கிற மாதிரியா பாஸ்?"

அவர் சாமான்களைக் கட்டத் தொடங்கினார். போகிற காரோடு என் பாயும் எதற்குப் போக வேண்டும் என்று நான் கதவைத் திறந்தேன். எங்கள் பக்கம் காரின் கால்மாட்டில் பன்புல்லில் இழைத்த பாய்த் துண்டு விரிப்போம். காலோடு வரும் கடல் மணலை உதறிவிடலாம். ஓட்டுபவர் பக்கத்துப் பாய் மட்டும் எப்போதும் பிசுபிசுக்கும். மீன் பையைக் காலடியில் வைத்துக் கொண்டுவருகிறார் என்று மனிதரை ஏசி ஏசியே அதைக் கழுவி, வேலியில் காயப்போட்டு, திரும்ப விரிப்பேன்.

அன்றும் பிசுபிசுத்தது. ஆனால் மணல் கும்பியில் ஏறிய காரை வீட்டுக்கு இழுத்து வந்ததிலிருந்து அது வாசலைத் தாண்டவில்லை. பாயையும் அதற்குப் பிறகுதான் கழுவிப் போட்டிருந்தேன். மீனே ஏறாத காரில் மீன் தண்ணீர் எங்கிருந்து வரும்? மணந்து பார்த்தேன், மீன் வாடையில்லை. பாய்க்கு அடியில் தகரத்தின் பெயின்ற் சுட்ட அப்பளம் மாதிரி கிளம்பியிருந்தது.

"பாஸ், ஓடி வாங்க! பெடலுக்குப் பின்னால கைய உட்டுப் பாருங்க."

விட்ட கை நனைந்து வந்தது.

"ஒயிலத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ட றப்பர் வாசர் போயிட்டு மாமி! வெளிய ஒழுகாம உள்ளுக்கு ஒழுகியிரிக்கி. பெயின்றக் கிளப்பினதும் அந்த ஒயில்தான். நீங்க பாயக் கழுவிக் கழுவி அடையாளத்த அழிச்சிட்டீங்களே!"

மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்? "இத்தின நாளும் எனக்குச் சும்மா ஏச்சு. இப்ப ஆருகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறாய்?"

"மீனுக்கிட்ட. அதத்தான் திண்டு முடிச்சிட்டமே!"

பாஸ் புது வாசர் வாங்கிவந்து போட்டார். குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுக்க ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். மனிதர் அஸர் தொழப் போயிருந்தார். நான் சாரியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

"அமத்துங்க மாமி! புடிங்க! உட்டிராதீங்க!" என்று சில்லுக்குப் பக்கத்திலிருந்து பாஸ் கத்தினார். முதலில் குமிழி குமிழியாக வந்ததாம், பிறகு ஒயில் மட்டும் வந்ததாம். எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. என் காலுக்குக் கீழே பெடல் கல்லு மாதிரி நின்றது, அது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை லொறி வந்தது. மகனைக் காரின் முன் சீட்டில் ஏற்றினேன், நான் பின்னால் ஏறினேன். காரை ஓட்டிய மனிதர் தெரு முனையில் பிரேக்கை மிதித்தார். கார் நின்ற வேகத்தில் மகனின் தொப்பி கண்ணாடியில் போய் விழுந்தது.

"இப்ப என்ன செல்லுறாய்?"

"லொறியப் போகச் செல்லுங்க உம்மா," என்றான், தொப்பியைத் தேடிக்கொண்டே.

"போகட்டும். நீ எறங்காத, பொத்துவிலுக்குப் போறம். உன்ட சாச்சிக்கு நான் முந்தியே போன் எடுத்துச் செல்லிட்டன்."