கேட்டுக்கு வெளியே இருபது நிமிடம்

என் மகளின் படிப்பைக் கெடுத்தவர் அவள் சேரப் போன கல்லூரியின் முதல்வர். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. கல்லூரியின் பெயரையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். மகள்தான் வேண்டாம் என்றாள். படித்தால் அவருக்குத் தெரியும். அது போதும்.

போன வருடம் ஜூலை மாதம் நடந்தது. நான் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். வீடு எர்ணாவூரில். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போக லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே போவார்கள். அந்த வரிசையில் சில நாள் அரை நாள் நிற்போம், சில நாள் ஒன்றரை நாள். கிளீனர் எல்லாம் இப்போது கிடையாது. சமைக்க, தூங்க, காவல் காக்க எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான்.

என் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பி.காம். சேரவேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். அதற்குக் காரணம் நான்தான். சின்ன வயதில் அவளை ஒருமுறை பாரிமுனையில், கப்பல் சரக்குக்குக் காகிதம் பார்க்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். கண்ணாடிக்கு உள்ளே ஏ.சி.யில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் வெளியே வேர்வையோடு நின்று ஓட்டை வழியாகக் காகிதத்தை நீட்டுவோம். அன்று வீட்டுக்கு வந்தவுடன், "நான் கண்ணாடிக்கு உள்ள உக்காருவேன்பா, நீ காகிதம் குடு, நான் உடனே சீல் போட்டுத் தர்றேன்" என்றாள். பிளஸ் டூ முடித்தபோதும் அதையேதான் சொன்னாள்.

அரசுக் கல்லூரி. பி.காம். வகுப்பு நிறைந்துவிட்டது, உன் பெயர் காத்திருப்போர் பட்டியலில் முதலாவது, யாராவது போனால் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். வகுப்புகள் ஆரம்பமாகிவிட்டன. அவளோடு பள்ளியில் படித்த தோழிக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தப் பெண் இரண்டாவது பெஞ்சில் தன் பக்கத்தில் பையை வைத்து, என் மகளுக்காக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தினமும் சாயங்காலம் போன் செய்து, "உன் எடம் அப்படியே கீதுடி, சீக்கிரம் வா" என்பாள்.

ஒரு நாள் காலை கல்லூரியிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் பொறியியல் கிடைத்துப் போய்விட்டாளாம். பத்து மணிக்குள் வந்து பெயர் கொடுக்க வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணுக்கு.

ஒரிஜினல் என் லாரியில் இருந்தது.

லாரியில் எதற்கு வைத்தாய் என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். ஒரு மழையில் எங்கள் தெருவுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ரேஷன் கார்டு, மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எல்லாம் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டன. நகல் வாங்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு முக்கியமான காகிதம் எல்லாம் லாரி கேபினில், தலைக்கு மேலே உள்ள பெட்டியில். எங்களிடம் இருப்பதில் தண்ணீர் ஏறாத உயரமான இடம் அது ஒன்றுதான். லாரியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், அதோடு மகளின் பைல்.

மகள் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டே எனக்குப் போன் செய்தாள். "யப்பா, நான் போய் பேரு குடுக்கறேன். நீ எப்டியாச்சும் பைல அனுப்பிடு. உள்ள போனா போன ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க." மணி ஒன்பதே முக்கால். நான் முந்தின நாள் மாலையிலிருந்து வரிசையில் நிற்கிறேன். முன்னால் ஒரு லாரியும் நகரவில்லை. என் மனைவி இறால் கம்பெனியில் வேலை செய்கிறாள். உள்ளே போகும்போதே அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

பைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். லாரியை விட்டுப் போக முடியாது. ஆள் இல்லாத வண்டியைப் போலீஸ் சும்மா விடாது. கண்டெய்னர் கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் என் வேலை போகும். பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, "இன்னா மாமு, கண்ணாலப் பத்திரிகையா? எனக்கு ஒண்ணும் குடு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு இட்லிக்கார அக்கா வந்தார். டி.வி.எஸ். வண்டியில் பின்னால் பெரிய பாத்திரம் கட்டி, லாரி லாரியாக இட்லி விற்பவர். அவரிடம் நான்கு வருடமாகச் சாப்பிடுகிறேன். பெயர் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"இன்னா நைனா, மூஞ்சி பேஜாரா கீது?"

சொன்னேன். உடனே கையை நீட்டினார். "அத்த இப்டி குடு. டோல்கேட்ட தாண்டி அந்தாண்டதானே? நான் போய்க் குடுத்துட்டு வந்துர்றேன்."

நான் கொடுக்கவில்லை.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "இல்லக்கா, இது ஒரிஜினலு. இட்லி பாத்திரத்தோட வெச்சிக்கினு போற சாமானா இது?" என்று சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார். அந்தச் சாம்பார் வாளியும், கரி படிந்த கையும், பெயர் தெரியாத பொம்பளை என்ற நினைப்பும்தான் என் புத்தியில் நின்றன. வரிசை நகர்ந்துவிடும், முனையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நானே ஓடிவிடலாம் என்று காத்திருந்தேன். வரிசை நகரவில்லை. பத்தே முக்கால் தாண்டியது. பத்து ஐம்பதுக்கு அவர் விற்றுக்கொண்டே திரும்பி வந்தார். நான் இறங்கிப் போய்க் குறுக்கே நின்றேன்.

"யக்கா, தப்பா பேசிட்டேன். கொண்டு போறியா?"

மிச்ச இட்லியைப் பின்னால் நின்ற லாரிக்காரரிடம் கொடுத்து, "வித்து வெய்யி" என்றார். பைல் மேல் மகள் பெயரையும் என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அதைப் புடவைத் தலைப்பால் சுற்றி, மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்று நாற்பதுக்குப் போன் வந்தது. "வந்துட்டேன் நைனா. கேட்டாண்ட நிக்கறேன். வாச்மேன் உள்ள உடமாட்டேன்றான்."

மகளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். மறுபடி அக்காவுக்குப் போட்டேன். அவர் எடுத்துவிட்டு, பேசாமல் கையில் பிடித்துக்கொண்டார். அங்கே நடந்தது அத்தனையும் எனக்குக் கேட்டது.

"வண்டிய எடும்மா. இங்க டிபன் விக்கக்கூடாது."

"யோவ், நான் விக்க வர்லய்யா. ஒரு பொண்ணுக்கு சர்டிபிகேட்டு குடுக்க வந்துகீறேன். பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும்."

"நீ யாரு, அம்மாவா?"

"இல்ல."

"சொந்தமா?"

"இல்லய்யா. அவங்கப்பன் லாரில மாட்டிக்கினு கீறான்."

"வெளியாளு யாரயும் உடக்கூடாதுன்னு பிரின்ஸ்பால் ஆர்டர். நேத்து இங்க ஒரே கலாட்டா."

"நான் வேணாம். நீயே எடுத்துக்கினு போய் குடு."

"நான் கேட்ட வுட்டு நகரக்கூடாது."

போனில் கத்தினேன், நான் அப்பா பேசுகிறேன் என்று. காவல்காரர் போனை வாங்கவே இல்லை. மேலே மாடியில், சான்றிதழ் பார்க்கும் அறையில் என் மகள், கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு முறை கேட்டிருக்கிறாள். "வெளிய போனா ஆப்சென்ட்தான்" என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். வரிசையை விட்டு நான் நகரக்கூடாது. அறையை விட்டு மகள் நகரக்கூடாது. கேட்டை விட்டுக் காவல்காரர் நகரக்கூடாது. நகர முடிந்தவர் அந்த அக்கா ஒருவர்தான். அவரைத்தான் நிறுத்தி வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு முன்னால் இருந்த லாரி நகர்ந்தது. பதினாறு மணி நேரமாக நகராத வரிசை. பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்கிறார்கள். போனை சீட்டில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்துகொண்டே இருந்தது. யாரோ ஒருவரைப் பார்த்து, "தம்பி, தம்பி, இத்த கொஞ்சம் மேல குடுத்துடு தம்பி" என்றார். பிறகு இன்னொருவரை. பிறகு, "யம்மாடி, நீயாச்சும்" என்றார். ஹாரன் சத்தத்தில் அதற்கு மேல் கேட்கவில்லை.

கடைசியில் அங்கே படிக்கும் ஒரு பெண்தான் பைலை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவள் மாடி ஏறும்போது பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். அதற்குள் பட்டியலில் அடுத்த பெண்ணின் பெயரை எழுதிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளும் எங்கள் மாதிரி வீட்டுப் பெண்தான். அவளுடைய அப்பா அங்கேயே அழுதாராம். என் மகள் அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள்.

பிறகு முதல்வரின் அறைக்குப் போயிருக்கிறாள். பதினொன்று நாற்பதிலிருந்து பைல் கேட்டில் இருந்தது சார் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர் சொன்னதை அவள் அப்படியே எனக்குச் சொன்னாள். "டிபன் விக்கிற பொம்பளை கையில யாராவது ஒரிஜினலைக் குடுத்தனுப்புவாங்களா? உங்க அப்பாவுக்கே அக்கறை இல்ல, என்கிட்ட வந்து நிக்கிற?"

அதைக் கேட்டபோது அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அன்று வரிசையில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது என் வார்த்தை. காலையில் அந்த அக்காவின் முகத்துக்கு நேராக நானும் அதையேதான் சொன்னேன்.

மறுநாள் அக்கா வழக்கம்போல வந்தார். நான் சொல்வதற்கு முன்னால் அவருக்கே தெரிந்திருந்தது. இலையில் இட்லி வைத்துக்கொண்டே, "நான் இன்னும் கொஞ்சம் வெரசா போயிருக்கணும் நைனா. டோல்கேட்டாண்ட ஒரே டிராபிக்கு" என்றார். நான் குனிந்து இலையை வாங்கிக்கொண்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன். தாமதம் செய்தது அவர் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கல்லூரிக்குப் போனேன். முதல்வர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். மூன்று முறை போனேன், மூன்று முறையும் கூட்டம். மனு எழுதிக் கொடுத்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: "உரிய நேரத்தில் சான்றிதழ்கள் சமர்ப்பிக்கப்படவில்லை." உரிய நேரத்தில் அவை எங்கே இருந்தன என்று அந்தக் காகிதத்தில் இல்லை. கேட்டுக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது. இட்லிக்கார அக்கா எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று அதில் பார்க்கலாம் என்றேன். "அதெல்லாம் காட்ட முடியாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என் மகள் இப்போது திருவொற்றியூரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. இந்த வருடம் மறுபடி விண்ணப்பம் போடு என்றேன். "வேணாம்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். கண்ணாடி அலுவலகத்தைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை. நான் காகிதம் கொடுக்கப் போகும்போது உள்ளே இருக்கும் பெண்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று சேர்ந்த அந்தப் பெண் ஒரு மாதம்கூடப் படிக்கவில்லை. வேறு ஊரில் நர்சிங் கிடைத்துப் போய்விட்டாள். என் மகளின் தோழி சொன்னாள். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். நானே அலுவலகத்தில் போய்க் கேட்டேன். சேர்க்கை முடிந்துவிட்டது, இனி யாரையும் சேர்க்க முடியாது என்றார்கள். அந்த வருடம் முழுக்க இரண்டாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. தோழி பழக்கத்தில் அங்கே பையை வைத்துக்கொண்டே இருந்தாளாம்.

இந்தப் பக்கத்தில் மற்ற வாசகர்கள் யாரோ செய்த உதவியை எழுதுகிறார்கள். எனக்கும் ஒருவர் உதவத்தான் வந்தார். அவரை முதலில் நிறுத்தியவன் நான், இரண்டாவதாக நிறுத்தியவர் முதல்வர். இன்றைக்கும் மணி பத்து பத்து ஆனால், லாரி எங்கே நின்றாலும், என் கை தானாக மேலே இருக்கும் பெட்டிக்குப் போகிறது. பைல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பத்து பத்திலிருந்து பத்து ஐம்பது வரை, அந்த நாற்பது நிமிடம் என் தப்பு. எல்லாரும் படிக்கிற இடத்தில் அதை ஒப்புக்கொண்டுவிட்டேன். முதல்வர் ஐயா, பதினொன்று நாற்பதிலிருந்து பன்னிரண்டு வரை இருபது நிமிடம் இருக்கிறது. அது யாருடையது? ஒரு வரிக் கடிதம் வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கிற மாதிரி, நீங்கள் பதில் சொல்லுங்கள்.