மாமாவின் மானத்தை வாங்கிய கார்

என் மாமாவுக்குக் காது மட்டும் இருந்தால் போதும், கண்ணே வேண்டாம் என்று நாமக்கல் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். தெருமுனையில் கார் திரும்பும்போதே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருமையை அவரைவிட நான்தான் அதிகம் சுமந்து திரிந்தேன். அதனால்தான் சித்தியைப் பெண் பார்க்க வந்த நாளில் எனக்கு அத்தனை அவமானம்.

சித்தி, மாமாவுக்குக் கடைசித் தங்கை. ஒரு வாரமாகவே அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தாள். "வேலைய உட்டுருன்னு அந்த மாப்பிள்ள இப்பவே போன்ல அதட்டறாருக்கா, எனக்கு வேண்டாங்க்கா" என்பாள். கோழிப்பண்ணை இருக்கிற நல்ல இடம், பெண் என்றால் கொஞ்சம் அழத்தான் செய்வாள் என்று பெரியவர்கள் முறுக்குக்கு மாவு பிசையப் போய்விட்டார்கள். மாமா மட்டும் அவள் சொல்வதை நின்று கேட்டார்.

வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. நாளைக்கே பூ வைக்க வருவதாகச் சொல்லி எழுந்தார்கள். மாப்பிள்ளை காரைக் கிளப்பினார். மிதித்தால் உறுமியது, காலை எடுத்தால் நின்றது. மறுபடியும் அப்படியே.

"எங்க மாமா ஒரு நிமிசத்துல சொல்லிருவாரு, பாரு" என்று மாப்பிள்ளையின் அக்கா மகனிடம் மார்தட்டினேன்.

மாமா பானெட்டைத் தூக்கித் தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் அவர் இடுப்பை ஒட்டி நின்றிருந்தேன். உள்ளே ஒரு சின்ன ரப்பர் குழாய் கழன்று, உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். திணறிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று சீராக ஓடியது.

"செரியாயிருச்சுங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மாமா திரும்பினார். வாசற்படியில் சித்தி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா விரலை எடுத்துவிட்டார். இன்ஜின் இருமி நின்றது.

"எனக்கொண்ணும் புடிபடலீங்க. கால எடுக்காம ஓட்டுங்க, ஊடு போயிச் சேந்துருவீங்க."

"மெக்கானிக்குன்னு சொன்னாங்க!" என்று மாப்பிள்ளை சிரித்தார். அக்கா மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"மொத மொத வந்த வாசல்லயே வண்டி நின்னுபோச்சு. சகுனஞ் செரியில்லீங்களே. யோசிச்சுச் சொல்றமுங்க."

ஊர் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டார்கள், போன் வந்துவிட்டது. இந்தச் சம்பந்தம் வேண்டாமாம்.

வீடே இடிந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகை முட்டியது. "வெரல எதுக்கு மாமா எடுத்தீங்க? நல்லா ஓடுச்சே!"

"ஆமாஞ் சாமி, ஓடுச்சு" என்றார் மாமா. சொல்லிவிட்டுச் சாவகாசமாகச் சாப்பிட உட்கார்ந்தார். ஊர் சிரிக்கத் தோற்றுவிட்டு வந்த மனிதருக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று எனக்கு வெறுப்பாக இருந்தது. இனி அவர் பட்டறைப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சித்திதான் பரிமாறினாள். அவருக்குக் குழம்பு ஊற்றும்போது அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பாவம், கல்யாணம் நின்றுபோனதற்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.